அந்தரங்க முடிப் பேன்: மலைக்கு வேலைக்குப் போய்வருபவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாய இறங்குபவர்கள், கேரளத்தின் உடும்பஞ்சோலை, பீர்மேடு பக்கம் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) தங்கி வேலை பார்ப்பவர்கள், குமுளி வழியாகச் சரக்கு ஏற்றிப் போகும் டிரைவர்கள், இவர்கள் வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறோம். இந்தப் பேனால் உயிருக்கு ஆபத்தில்லை. சரியான மருந்தை இரண்டு தடவை, கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் போட்டால் போய்விடும். வெளியே சொல்லக் கூசிக்கொண்டு மாதக்கணக்கில் சொறிவதும், தோட்டத்துப் பூச்சிமருந்தை எடுத்துத் தடவுவதும்தான் ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறது.

இது தலையில் வரும் பேன்தானா?

இல்லை, இது வேறு இனம். தலைப்பேன் ஒல்லியாக, 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இது 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், கடுகளவு. ஆனால் உடம்பு அகலம், பார்வைக்குக் குட்டி நண்டு போலவே இருப்பதால் நண்டுப் பேன் என்றும் சொல்வார்கள். ஆறு கால்களில் முன்கால் இரண்டும் மெலிந்தவை. மற்ற நாலிலும் தடித்த கொக்கி இருக்கும். அந்தக் கொக்கி தடித்த, இடைவெளி விட்டு வளரும் முடியைப் பிடிப்பதற்கு ஏற்றது. அதனால்தான் மறைவிட முடியில் தங்குகிறது. தொடை, ஆசனவாயைச் சுற்றிய முடி, அடிவயிறு, மார்பு, அக்குள், தாடி, மீசை, புருவம், கண்ணிமை வரைக்கும் ஏறும். தலைமுடியில் அபூர்வம். தலையில் பேன் இருப்பதால் கீழே வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆடு, மாடு, நாயிடமிருந்தும் வராது. இதற்கு மனித ரத்தம் மட்டுமே உணவு.

எப்படித் தொற்றுகிறது? கக்கூஸில் உட்கார்ந்தால் வருமா?

பெரும்பாலும் உடலுறவின்போதுதான். ஒருவர் முடியோடு இன்னொருவர் முடி உரசும்போது பேன் மாறிக்கொள்கிறது. அதற்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது, ஊர்ந்துதான் போகும். ஆணுறை போட்டாலும் அது மூடாத இடத்தில்தான் பேன் இருக்கிறது என்பதால் தடுக்காது.

வழுவழுப்பான பீங்கானில் நிற்க அதன் காலுக்குப் பிடிப்பு கிடையாது. உடல் சூடு இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் செத்தும் போகும். கழிவறை இருக்கையில் தொற்றுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் ஒரே கம்பளி, ஒரே துண்டு, ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் இன்னொருவர் படுக்கும் பாய் ஆகியவை வழியாக எப்போதாவது வரலாம். லயத்தில் குளிர்காலத்தில் கம்பளியைப் பங்குபோட்டுக்கொள்வது சகஜம் என்பதால் இதைச் சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வேலைக்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்று பழி போடுவதையும் கேட்கிறோம். பேனுக்கு ஊரும் மொழியும் கிடையாது. குளிக்காததால் வருவதும் இல்லை.

பேன்தான் என்று எப்படி உறுதி செய்வது?

அரிப்பு முதல் அறிகுறி, இரவில் கூடும். ஆனால் அரிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. கண்ணால் பார்க்க வேண்டும்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்வாக அடியுங்கள். முடியை விரலால் வகிர்ந்து, முடி தோலில் முளைக்கும் இடத்தைப் பாருங்கள். பேன் பெரும்பாலும் அசையாமல் தோலோடு ஒட்டிப் படுத்திருக்கும். மச்சமோ காய்ந்த பொருக்கோ என்று ஏமாந்துபோவது இங்கேதான். அதன்மேல் செல்லோடேப் துண்டை ஒட்டி இழுத்தால் டேப்போடு வந்துவிடும். அந்த டேப்பை வெள்ளைத் தாளில் ஒட்டிவைத்து செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், கால்கள் தெரியும். அந்தத் தாளையே மடித்து டாக்டரிடம் கொண்டுபோகலாம். அவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அடுத்தது ஈர். முடியின் அடியில், தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள், வெள்ளையோ வெளிர் மஞ்சளோ ஆன நீள்வட்டப் புள்ளி சாய்வாக ஒட்டியிருக்கும். நகத்தால் தள்ளிப் பாருங்கள். செதிலோ சோப்புத் துகளோ என்றால் வழுக்கிப் போகும், ஈர் நகராது.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. வெளிர் நிற ஜட்டியில் துரு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பேனின் கழிவும் கடிவாயில் கசிந்த ரத்தமும். தொடையிலும் அடிவயிற்றிலும் வலியே இல்லாத நீலச் சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் அது பேன் பலமுறை கடித்த இடம். சில நாளில் தானே மறையும்.

பேனும் தெரியவில்லை, ஈரும் தெரியவில்லை, அரிப்பு மட்டும் தாங்கவில்லை. என்னவாக இருக்கும்?

மழைக்கோட்டும் ஈரத்துணியுமாக நாள் முழுக்க நிற்கும் மலை வேலையில் அடிக்கடி வருவது படர்தாமரை. தொடை இடுக்கில் வட்டமாகப் பரவும், ஓரம் சிவந்து தடித்திருக்கும், நடு வெளுத்திருக்கும். இன்னொன்று சொறி சிரங்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆணுறுப்பின்மேல் சிறு கொப்புளம் வரும், வீட்டில் எல்லோரும் சொறிவார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மருந்துக்கடையில் “அரிப்புக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த க்ரீம். பூசியதும் அரிப்பு அடங்கும், அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். பேன் சாகாது. படர்தாமரையாக இருந்தால் இன்னும் அகலமாகப் பரவும். தொடை இடுக்குத் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் நைந்து, அழியாத கோடுகள் விழும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் டியூபைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன மருந்து?

முதல் மருந்து பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். பைரெத்ரினும் பைபரோனில் பியூடாக்சைடும் சேர்ந்த லோஷனும் அதே வேலையைச் செய்யும். சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது சிரங்குக்கான பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். அதையும் டாக்டர்கள் எழுதுவதுண்டு, ஆனால் அது இரவு பூசிக் காலையில் கழுவுவது. 1 சதவீதத்துக்குச் சொன்ன பத்து நிமிடத்தை இதற்கும், இதற்குச் சொன்ன எட்டு மணி நேரத்தை அதற்கும் மாற்றிப் போட்டுக்கொள்வது வழக்கமான குழப்பம். டியூபின்மேல் சதவீதத்தைப் படித்துவிட்டுத் திறங்கள்.

மேலே பூசுவது பலிக்காவிட்டால் ஐவர்மெக்டின் மாத்திரை. அளவு உடல் எடைப்படி, கிலோவுக்கு 250 மைக்ரோகிராம், சாப்பாட்டோடு. 60 கிலோ ஆளுக்கு 15 மில்லிகிராம் வரும். 7 முதல் 14 நாளில் அதே அளவு மறுபடியும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் குடிப்பதோ தடவுவதோ கூடவே கூடாது. அதன் செறிவும் கலவையும் கால்நடைக்கானவை.

காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்ற லிண்டேன் லோஷன் பழைய சீட்டுகளில் இருக்கும். நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கக் கூடியது என்பதால், இத்தனை நல்ல மருந்து இருக்கும்போது அதைத் தேடிப் போகாதீர்கள்.

1 சதவீத லோஷனை எப்படிப் போடுவது?

குளித்து, சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் நன்றாக ஒற்றித் துடையுங்கள். ஈரம் நின்றால் மருந்து நீர்த்துவிடும். முடி மிக அடர்த்தி என்றால் முதல்நாளே கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டிவிடுங்கள். பிறகு லோஷனை மறைவிட முடி, தொடையின் உள்பக்கம், ஆசனவாயைச் சுற்றிய முடி, தொப்புள் வரைக்குமான முடி எல்லாவற்றிலும் வேர் நனையத் தேயுங்கள். மேலாகத் தடவினால் போதாது, பேன் இருப்பது அடியில். மார்பிலும் அக்குளிலும் முடி இருந்தால் அங்கேயும். முன்பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் பின்பக்கத்தை விடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. பெண்ணுறுப்பின் உள்ளே, ஆண்குறியின் துவாரத்துக்குள், ஆசனவாய்க்குள், கண்ணில் படக் கூடாது.

செல்போனில் 10 நிமிடம் அலாரம் வையுங்கள். முடிந்ததும் தண்ணீரால் கழுவி, துவைத்த துண்டால் துடைத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி நோக்கி இழுங்கள். ஒட்டியிருப்பதை நகத்தால் உருவலாம். துவைத்த உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் எரியும், சிவக்கும், ஓரிரு மணியில் அடங்கும். சொறிந்து புண்ணாகியிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். புண்மேல் போட்டால் எரிச்சலும் கூடும், மருந்து உடம்புக்குள்ளும் அதிகம் போகும்.

ஒரு தடவையிலேயே சரியாகிவிட்டது. மறுபடி எதற்கு?

மருந்து பேனைக் கொல்லும். ஈர்களில் சில தப்பிவிடும். ஈர் 6 முதல் 10 நாளில் பொரியும், குஞ்சு 2 முதல் 3 வாரத்தில் வளர்ந்து முட்டையிடும். ஒரு பெண் பேன் வாழும் மூன்று நாலு வாரத்தில் முப்பது முட்டை வரைக்கும் இடும். எனவே ஈரெல்லாம் பொரிந்தும் குஞ்சு வளராமலும் இருக்கும் நாளாகப் பார்த்து இரண்டாம் தடவை போட வேண்டும், அது 9 அல்லது 10-ஆம் நாள். சில டாக்டர்கள் 7-ஆம் நாள் என்பார்கள், அவர் சொன்னதையே செய்யுங்கள். காலண்டரில் குறித்துவையுங்கள். அரிப்பு நின்றதும் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் மாதக் கடைசியில் திரும்ப வருகிறார்கள்.

சவரம் செய்துவிட்டால் போதாதா?

அந்த இடத்துப் பேனும் ஈரும் போகும். தொடையிலும் வயிற்றிலும் ஆசனவாயைச் சுற்றியும் இருப்பவை போகாது. சொறிந்த தோலில் பிளேடு பட்டால் சீழ் வைக்கும். மருந்தோடு சேர்த்து வெட்டிக்கொள்ளலாம், மருந்துக்குப் பதிலாக அல்ல. பயன்படுத்திய பிளேடை இன்னொருவர் தொடக் கூடாது.

தோட்டத்தில் அடிக்கும் மருந்து பூச்சியைக் கொல்கிறதே, அதில் ரெண்டு சொட்டு?

வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்காமலே செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

ஏலத்துக்கு அடிக்கும் குயினல்பாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பரஸ் வகை. பூச்சியின் நரம்பை எப்படி முடக்குகிறதோ அப்படியே மனித நரம்பையும் முடக்கும். தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். அதிலும் விதைப்பையின் தோல் உடம்பிலேயே அதிகம் உறிஞ்சுவது. இதே வகையைச் சேர்ந்த பாரத்தியானை வைத்து 1971-இல் வெளியான ஆய்வில், முன்கையில் பூசியதில் 9 சதவீதம் போல உள்ளே போனது. விதைப்பையில் பூசியது ஏறத்தாழ முழுவதும் உள்ளே போய்விட்டது. கையில் பட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்ற அனுபவம் இங்கே உதவாது.

யாராவது ஏற்கெனவே தடவிவிட்டால் துணியைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீருமாகக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளட்டும். எச்சில் ஒழுகுவது, அதிக வியர்வை, வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை துடிப்பது, மூச்சு இறைப்பது இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். மருந்து பாட்டிலையும் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை உடனே தொடங்கும்.

மண்ணெண்ணெயும் அப்படித்தான், தோலை வேகவைக்கும், அடுப்பருகே தீப்பிடிக்கும். கற்பூரம் கலந்த எண்ணெய், புகையிலைத் தண்ணீர், எறும்புப் பொடி எதுவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கம்பளியையும் துணியையும் என்ன செய்வது?

மருந்து போடும் நாளன்று, கடந்த மூன்று நாள் உடம்பில் பட்ட உள்ளாடை, லுங்கி, நைட்டி, துண்டு, போர்வை மட்டும் போதும். வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. தண்ணீர் 55 டிகிரிக்கு மேல் இருந்தால் பேனும் ஈரும் சாகும். கொதிக்கும் தண்ணீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, துணி முழுக்க அமுங்க மூடிவைத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். குளிர்ந்த துணி போட்டதும் சூடு இறங்கும், அதற்காகத்தான் இரண்டுக்கு ஒன்று. காய்ந்ததும் தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டினால் இன்னும் நல்லது.

சுடுதண்ணீர் தாங்காத கம்பளியும், ஆனி ஆடி மழையில் காயவே காயாத மெத்தையும் தான் கஷ்டம். கம்பளியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாக்கில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கிவைத்தால், பேனும் செத்து, பொரியும் குஞ்சும் உணவில்லாமல் சாகும். மெத்தையின்மேல் மூன்று நாள் யாரும் படுக்காமல் இருந்தால் போதும். வேறு படுக்கை இல்லையென்றால் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு அதன்மேல் துவைத்த துணியை விரியுங்கள்.

கண்ணிமையில் இருக்கிறது. அதே லோஷன் போடலாமா?

கூடாது, கண் கெடும். கண்ணுக்கென்றே தயாரிக்கும் பெட்ரோலேட்டம் களிம்பை டாக்டர் எழுதுவார். இமை ஓரத்தில் தடிமனாக, ஒரு நாளைக்கு 2 முதல் 4 தடவை, 10 நாள். அது பேனின் மூச்சை அடைக்கும். உதட்டுக்குப் பூசும் சாதாரண வாசலின் கண்ணை உறுத்தும். ஒன்றிரண்டு பேன் என்றால் கண் டாக்டரே இடுக்கியால் எடுத்துவிடுவார்.

கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும்?

பெர்மெத்ரின் போடலாம். லிண்டேனும் ஐவர்மெக்டினும் தவிர்க்க வேண்டியவை. பால் கொடுப்பவர் மார்பில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் எத்தனை மாதம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

குழந்தையின் இமையிலோ புருவத்திலோ இந்தப் பேன் இருந்தால்?

பேன் உள்ள பெரியவரோடு ஒரே போர்வையில் படுத்ததாலும் வரலாம். யாராவது குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டதாலும் வரலாம். இரண்டில் எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. குழந்தையை மிரட்டி விசாரிக்காதீர்கள், அடிக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அவர் தனியாக, பக்குவமாகக் கேட்பார். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்வது கடமை. பிள்ளையின் பெயர் வெளியே வராது.

எனக்கு இருக்கிறது. கணவரிடம் / மனைவியிடம் எப்படிச் சொல்வது? யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. முதல் தடவை பேன் ஏறியவருக்கு அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகலாம், ஏனென்றால் அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை, அது பழக நாள் பிடிக்கும். முன்பே ஒரு தடவை வந்தவருக்கோ ஓரிரு நாளிலேயே அரிக்கும். ஆகவே யாருக்கு முதலில் அரித்ததோ அவர்தான் கொண்டுவந்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அதைச் சாக்காக வைத்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் கை நீட்டுவதும் அநியாயம்.

நேராகச் சொல்லிவிடுங்கள்: “எனக்குப் பேன் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல மருந்து போடணும், இல்லேன்னா மாறி மாறி வந்துகிட்டே இருக்கும்.” அவருக்கு அரிப்பே இல்லாவிட்டாலும் போட வேண்டும். கடந்த மாதத்தில் வேறு யாரோடாவது உறவு இருந்திருந்தால் அவருக்கும் தெரிய வேண்டும். இரண்டாம் தடவை மருந்து போட்டு, பேன் இல்லை என்று பார்க்கும் வரை உறவு வேண்டாம். கணவர் மலையிலேயே தங்கியிருந்து மாதம் ஒருமுறை இறங்குகிறவர் என்றால், இருவரும் போனில் பேசி ஒரே தேதியை முடிவு செய்துகொள்ளலாம். இல்லையென்றால் அவர் வந்து இரண்டாம் நாளே பேன் திரும்ப ஏறிவிடும்.

வேறு பரிசோதனை தேவையா?

இந்தப் பேன் எச்.ஐ.வி.யைப் பரப்பாது. ஆனால் பேன் வந்த அதே வழியில் மேகப்புண், வெட்டை, கிளமிடியா போன்ற பால்வினை நோய்களும் எச்.ஐ.வி.யும் வந்திருக்கலாம், அவை ஆரம்பத்தில் வெளியே தெரியாது. ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொண்டால் மனசு நிம்மதியாகும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? தமிழ்நாடா, கேரளமா?

எது கிட்டவோ அது. அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவையோ பால்வினை நோய்ப் பிரிவையோ கேளுங்கள். தமிழ்நாட்டில் அதன் பெயர் சுகவாழ்வு மையம், எச்.ஐ.வி. பரிசோதனை நடப்பது நம்பிக்கை மையம். கேரளத்தில் இவற்றுக்குப் புலரி, ஜோதிஸ் என்று பெயர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிரிவுகள் இருக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு இலவசமாகப் பேசலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தோட்டத்துக் கங்காணிக்கோ சூப்பர்வைசருக்கோ காரணம் சொல்ல வேண்டியதில்லை, “ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றால் போதும். உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் இருக்கும் என்று கூசுகிறவர்கள் எல்லை தாண்டிப் போய்க் காட்டிக்கொள்வதிலும் தப்பில்லை. போனால் சரி.

மருந்து போட்டு ஒரு வாரம் ஆகிறது, இன்னும் அரிக்கிறதே?

பேன் செத்த பிறகும் ஒவ்வாமை அடங்க ஒன்று இரண்டு வாரம் ஆகும். அரிக்கிறதே என்று தினமும் லோஷன் போட்டால் அந்த மருந்தே தோலைப் புண்ணாக்கி இன்னும் அரிக்கும். காலமைன் லோஷன் தடவலாம், இரவில் செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடலாம். தூக்கம் வரும் என்பதால் விடியற்காலை வண்டி ஓட்ட வேண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

அரிப்பை வைத்து அளக்காமல், டார்ச் அடித்து மறுபடி பாருங்கள். பழைய வெறும் ஈர்க்கூடுகள் முடி வளர வளரத் தோலை விட்டு விலகி மேலே போயிருக்கும், அவற்றால் கெடுதல் இல்லை. நகரும் பேனோ, தோலை ஒட்டிப் புதிய ஈரோ தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை. அதே லோஷனை மூன்றாம் தடவை வாங்காமல், எந்தத் தேதிகளில் போட்டீர்கள், எத்தனை நிமிடம் வைத்தீர்கள், துணைவர் போட்டாரா என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். காய்ச்சல், சீழ், கவட்டையில் நெறி கட்டுவது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.